இன், ஆன், அட் முதல் ‘ஐயோ’ வரை: ஆங்கிலத்தின் சின்னச் சொற்களைத் தமிழ் வழியாகப் பிடிக்க ஒரு வழிகாட்டி

பள்ளியில் படிக்கும்போது ப்ரெபொசிஷன் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்திருப்போம். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஆன்’ என்றால் மேலே, ‘அண்டர்’ என்றால் கீழே. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடலாம். ஆனால் “பஸ்ஸில் இருக்கிறேன்” என்று போனில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வந்தால், ‘இன் த பஸ்’ஸா, ‘ஆன் த பஸ்’ஸா என்று நாக்கு தடுமாறும். பஸ்ஸுக்கு மேலேயா உட்கார்ந்திருக்கிறோம்? அந்தப் பட்டியலில் இதற்குப் பதில் கிடையாது.

மாலை நேரங்களில் கல்லூரி மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். டென்ஸ் ஓரளவு பிடிபட்டவர்கள்கூட இந்தச் சின்னச் சொற்களில் வழுக்குகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தமிழை ஒதுக்கிவைக்காதீர்கள். பள்ளியில் படித்த வேற்றுமை உருபையும் எச்சத்தையும் தூசி தட்டி எடுங்கள். ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன் (இணைப்புச் சொல்), இன்டர்ஜெக்ஷன் (‘ஐயோ’ போன்ற வியப்புச் சொல்) மூன்றும் செய்கிற வேலையைத் தமிழ் இன்னொரு இடத்தில் வைத்துச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழ் இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரிக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இடைச்சொல்லுக்கென்றே இடையியல் என்று ஓர் இயல் உண்டு. இடைச்சொல் தனியாக நடக்காது. பெயரோடும் வினையோடும் ஒட்டித்தான் பொருள் தரும். ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ போன்ற உருபுகளும், ‘உம்’, ‘ஓ’ போன்றவையும் இந்த வகைதான். ‘ஐயோ’வையும் இதிலேயே சேர்த்துப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் மூன்று பாடம்; நமக்கு ஒரே குடும்பம்.

முதல் படி: வாலைத் தலையாக்குங்கள்

ப்ரெபொசிஷன் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் ‘முன்னால் வைப்பது’ என்று பொருள். தமிழ் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலச் சொல் முன்னால் நிற்கும். “மதுரையிலிருந்து” என்பதில் வாலாக இருக்கும் ‘இலிருந்து’ ஆங்கிலத்தில் தலைக்கு வந்து ‘ஃப்ரம் மதுரை’ ஆகிறது. “மரத்தின் கீழே” என்பது ‘அண்டர் த ட்ரீ’ ஆகிறது. “மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில்” என்பதில் மூன்று வால்கள். மூன்றையும் திருப்பிப் போட்டால் ‘ஃப்ரம் மதுரை டு சென்னை பை ட்ரெயின்’.

இதோடு சேர்த்து இரண்டு விதிகளையும் இப்போதே பார்த்துவிடலாம். இரண்டுமே தமிழிலும் உள்ளவைதான்.

“நானோடு வா” என்று நாம் சொல்வதில்லை. உருபு ஏறும்போது ‘நான்’ என்பது ‘என்’ ஆகிறது: “என்னோடு வா.” ஆங்கிலமும் அப்படித்தான். ‘வித் ஐ’ கிடையாது, ‘வித் மீ’. ‘ஹி’ வராது, ‘ஹிம்’ வரும். ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று படித்தவர்களே எழுதுவதுண்டு. ‘பிட்வீன் யூ அண்ட் மீ’ என்பதே சரி.

இன்னொன்று, வினைச்சொல்லின் மீது உருபு நேரடியாக ஏறாது. “கற்க” என்பதோடு ‘இல்’ சேர்க்க முடியுமா? முடியாது. முதலில் அதை “கற்பது” என்று தொழிற்பெயராக்கி, அப்புறம் “கற்பதில் ஆர்வம்” என்கிறோம். ஆங்கிலத்தில் தொழிற்பெயர் ஆக்கும் வேலையை ‘இங்’ செய்கிறது. அதனால்தான் ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’. மின்னஞ்சலின் கடைசியில் எழுதும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதில் ‘மீட்’ வராமல் ‘மீட்டிங்’ வருவதற்கும் காரணம் இதே. அந்த ‘டு’ ப்ரெபொசிஷன்.

இரண்டாம் படி: நேரத்தில் தொடங்குங்கள்

‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ மூன்றையும் எல்லாரும் இடத்தை வைத்துச் சொல்லித் தருகிறார்கள். நான் நேரத்தை வைத்துத் தொடங்குவேன். காரணம், நேரத்தைப் பொறுத்தவரை தமிழே இந்த மூன்றையும் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது.

“10 மணிக்கு” என்கிறோம். “திங்கட்கிழமை அன்று” என்கிறோம். “ஆகஸ்டில்”, “1947இல்” என்கிறோம். ‘கு’ வந்தால் ‘அட்’, ‘அன்று’ வந்தால் ‘ஆன்’, ‘இல்’ வந்தால் ‘இன்’. கடிகார நேரம் ஒரு புள்ளி, கிழமையும் தேதியும் ஒரு நாள், மாதமும் ஆண்டும் நீண்ட காலம். இந்தியா விடுதலை பெற்றது எப்போது என்று எழுதும்போது ‘இன் 1947’, ‘இன் ஆகஸ்ட் 1947’ என்று எழுதலாம். 15 என்ற தேதி நுழைந்த கணத்தில் ‘ஆன் 15 ஆகஸ்ட் 1947’ என்று மாற்றியாக வேண்டும். மாதமும் ஆண்டும் கூடவே இருந்தாலும் தேதி சொல்வதே செல்லும்.

விலக்குகள் சில உண்டு. காலை, மதியம், மாலைக்கு ‘இன் த’ வரும். இரவுக்கு மட்டும் ‘அட் நைட்’. ஆனால் கிழமை கூடச் சேர்ந்தால் ‘ஆன் மண்டே மார்னிங்’. ‘லாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ முன்னால் வந்தால் எதுவும் வேண்டாம்: ‘ஐ மெட் ஹிம் லாஸ்ட் மண்டே.’ “போன திங்கட்கிழமை பார்த்தேன்” என்று நாமும் உருபு இல்லாமல்தானே சொல்கிறோம்?

நேரத்தில் நாம் அடிக்கடி விழும் பள்ளங்கள் இரண்டு.

முதலாவது ‘சின்ஸ்’, ‘ஃபார்’. “பத்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்” என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். தமிழ் உருபைக் கவனியுங்கள். “2015இலிருந்து” என்றால் தொடங்கிய புள்ளி, அதற்கு ‘சின்ஸ்’. “பத்து வருடமாக” என்றால் காலத்தின் நீளம், அதற்கு ‘ஃபார்’. இரண்டோடும் வினை ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்று வர வேண்டும், ‘ஆம் வொர்க்கிங்’ இல்லை.

இரண்டாவது ‘பை’, ‘அன்டில்’. “ஐந்து மணிக்குள் அனுப்பு” என்பதற்கு ‘பை ஃபைவ்’. “ஐந்து மணி வரை இரு” என்பதற்கு ‘அன்டில் ஃபைவ்’. ‘குள்’ளும் ‘வரை’யும் நமக்கு ஒருபோதும் குழம்புவதில்லை. அலுவலக மின்னஞ்சலில் ‘அன்டில் ஃப்ரைடே’ அனுப்புகிறேன் என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று பொருளாகிவிடும்.

மூன்றாம் படி: ஒரு ‘இல்’, மூன்று கதவுகள்

இடத்துக்கு வரும்போதுதான் சிக்கல். “பையில் பணம் இருக்கிறது, சுவரில் படம் இருக்கிறது, வாசலில் ஆள் நிற்கிறார்.” மூன்றுக்கும் தமிழ் ‘இல்’ என்ற ஒரே உருபை வைத்துக்கொள்கிறது. ஆங்கிலமோ ‘இன் த பேக்’, ‘ஆன் த வால்’, ‘அட் த டோர்’ என்று பிரிக்கிறது. ‘இல்’லைப் பார்த்தவுடன் ‘இன்’ போட்டுவிடும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. தமிழில் ஐந்தாம் வேற்றுமை உருபுக்கே ‘இன்’ என்று பெயர். ஒலி ஒன்றுபோல இருப்பது தற்செயல்.

ஒவ்வொரு ‘இல்’லுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த இடத்தை நான் இப்போது எப்படிப் பார்க்கிறேன்? நான்கு பக்கமும் எல்லை உள்ள ஒன்றாகவா? அப்படியென்றால் ‘இன்’. தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பாக, அல்லது ஒரு கோடாகவா? ‘ஆன்’. வரைபடத்தில் வைத்த ஒரு புள்ளியாகவா? ‘அட்’.

சுவரும் மேசையும் பரப்பு, அதனால் ‘ஆன்’. கூரையில் ஒட்டியிருக்கும் பல்லிகூட ‘ஆன் த சீலிங்’தான், அது மேலே இல்லை, கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கிறது. ‘ஆன்’ என்றால் ‘மேலே’ என்று மனப்பாடம் செய்தது இங்கே உடைகிறது. தொடுவதுதான் ‘ஆன்’. மதுரை வைகைக் கரையில் இருக்கிறது என்பது ‘மதுரை இஸ் ஆன் த வைகை’. ஆறு ஒரு கோடு, ஊர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ‘இன் த வைகை’ என்று சொன்னால் ஊர் தண்ணீருக்குள் போய்விடும். மரத்தில் பழுத்த மாம்பழம் ‘ஆன் த ட்ரீ’, இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கிளி ‘இன் த ட்ரீ’.

ஒரே இடம் இரண்டு விதமாகவும் வரலாம். “ஸ்டேஷனில் சந்திப்போம்” என்றால் அது சந்திக்கும் புள்ளி, ‘அட் த ஸ்டேஷன்’. “மழை வந்ததால் ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றோம்” என்றால் கட்டடத்தின் உட்புறம் மனதில் இருக்கிறது, ‘இன் த ஸ்டேஷன்’. இரண்டுமே சரி. பார்வைதான் மாறுகிறது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். எழுந்து நிற்கவும் நடக்கவும் முடிகிற வண்டிக்கு ‘ஆன்’: பஸ், ரயில், விமானம், கப்பல். உடம்பை மடக்கி உள்ளே நுழைந்து உட்கார வேண்டிய வண்டிக்கு ‘இன்’: கார், ஆட்டோ, டாக்சி. காலைப் போட்டு ஏறுகிற சைக்கிளுக்கும் பைக்குக்கும் ‘ஆன்’. எதில் போனாய் என்று பயண வகையை மட்டும் சொல்வதானால் ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’. அங்கே ‘ஏ’, ‘த’ எதுவும் வரக் கூடாது. இந்த ஒரு வழக்கைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பட்டியல் மேல் இருக்கும் பயம் அன்றைக்கே குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: ‘ஆல்’, ‘கு’ இரண்டையும் உடையுங்கள்

‘இல்’லைப் போலவே ‘ஆல்’லும் பல வேலை பார்க்கிறது. “அரிவாளால் வெட்டினான்” என்பதில் கருவி: ‘வித்’. “கம்பரால் இயற்றப்பட்டது” என்பதில் செய்தவர்: ‘பை’. “மழையால் ஆட்டம் நின்றது” என்பதில் காரணம்: ‘பிகாஸ் ஆஃப்’. ‘ஹி கட் இட் பை எ நைஃப்’ என்ற பிழை, கருவிக்கும் செய்தவருக்கும் தமிழ் ஒரே உருபு வைத்திருப்பதால் வருவது.

‘கு’ இன்னும் தாராளம். “ஊருக்குப் போனேன்” ‘டு’. “அம்மாவுக்கு வாங்கினேன்” ‘ஃபார்’. “பாம்புக்குப் பயப்படுகிறேன்” ‘அஃப்ரெய்ட் ஆஃப்’. ஆனால் “வீட்டுக்குப் போகிறேன்” என்பதற்கு மட்டும் ‘கோயிங் ஹோம்’, நடுவே ‘டு’ வராது. ‘ஹியர்’, ‘தேர்’, ‘அப்ராட்’ ஆகியவற்றுக்கும் அப்படியே.

ஐந்தாம் படி: சொல்லையும் உருபையும் ஒரே மூச்சில் படியுங்கள்

இதுவரை சொன்னவற்றுக்குக் காரணம் இருந்தது. இனி வருவதில் பலவற்றுக்குக் காரணம் தேடினால் நேரம்தான் போகும். ஒவ்வொரு வினையும் தனக்குப் பிடித்த ப்ரெபொசிஷனோடு குடித்தனம் நடத்துகிறது. சிலவற்றுக்குத் துணையே வேண்டாம்.

தமிழில் ஏதோ ஒரு சொல் இருப்பதால் ஆங்கிலத்திலும் சேர்த்துவிடும் பிழைகள் ஒரு வகை. “அதைப் பற்றி விவாதித்தோம்” என்பதால் ‘டிஸ்கஸ்டு அபவுட்’ என்கிறோம். ‘டிஸ்கஸ்’ தனியாகவே நிற்கும். “அறைக்குள் நுழைந்தான்” என்பதால் ‘என்டர்டு இன்டு த ரூம்’. ‘என்டர்டு த ரூம்’ போதும். “சென்னைக்கு வந்து சேர்ந்தோம்” என்பதால் ‘ரீச்டு டு சென்னை’; அங்கே ‘டு’ வேண்டாம். “அவளோடு கல்யாணம் ஆனது” என்பதால் ‘மேரீட் வித்’. ‘மேரீட் ஹர்’ என்றோ ‘இஸ் மேரீட் டு ஹர்’ என்றோ சொல்ல வேண்டும்.

நேர் எதிரானது இன்னொரு வகை. தமிழில் ‘ஐ’ மட்டும் போதுமான இடத்தில் ஆங்கிலம் ஒரு ப்ரெபொசிஷனைக் கேட்கும். “பாட்டைக் கேட்டேன்” ‘லிசன்ட் டு’. “சாவியைத் தேடினேன்” ‘லுக்ட் ஃபார்’. “குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்” ‘லுக்ட் ஆஃப்டர்’. ‘லுக்’ என்ற ஒரு வினை துணை மாறும்போதெல்லாம் பொருளையே மாற்றிக்கொள்கிறது. அதனால் ‘டிபெண்ட்’ என்று தனியாக ஒருபோதும் எழுதிப் படிக்காதீர்கள். ‘டிபெண்ட் ஆன்’ என்பதை ஒரே சொல்லாக நோட்டில் எழுதுங்கள். ‘குட் அட்’, ‘ஆங்க்ரி வித்’, ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ எல்லாம் அப்படியே.

“என்னைவிட மூத்தவர்” என்பதில் வரும் ‘விட’ நம்மை ‘தேன்’ பக்கம் இழுக்கும். ஆனால் ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ மூன்றும் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவங்கள். ஆங்கிலத்துக்கு வந்தபின் ‘டு’வோடு வாழ்கின்றன. ‘சீனியர் டு மீ’ என்று சொல்லுங்கள்.

வாக்கியத்தின் கடைசியில் ப்ரெபொசிஷன் வரக் கூடாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதைக் குறையாகச் சுட்டினார். அந்தக் கருத்து வகுப்பறைகளில் ஒட்டிக்கொண்டது. ‘ஹூ ஆர் யூ டாக்கிங் டு?’ என்பது நல்ல, இயல்பான ஆங்கிலம். தயங்காமல் சொல்லுங்கள்.

ஆறாம் படி: வினைக்குள் ஒளிந்திருக்கும் கன்ஜங்ஷன்

இணைப்புச் சொற்களில் ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘ஸோ’ யாருக்கும் சிரமம் இல்லை. ‘ஃபார்’, ‘நார்’, ‘யெட்’ ஆகியவற்றையும் சேர்த்து ஏழு. ஏழின் முதலெழுத்துகளையும் கோத்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று நினைவில் வைப்பார்கள். அதை ஒரு நாளில் முடித்துவிடலாம்.

நம் உழைப்பு போக வேண்டிய இடம் வேறு. தமிழ் இணைப்பை வினையின் வாலிலேயே வைத்துவிடுகிறது. ‘பெய்’ என்ற ஒரே வினையைப் பாருங்கள்.

மழை பெய்தால்: ‘இஃப் இட் ரெயின்ஸ்’
மழை பெய்தாலும்: ‘ஈவன் இஃப் இட் ரெயின்ஸ்’
மழை பெய்ததால்: ‘பிகாஸ் இட் ரெயின்ட்’
மழை பெய்தும்: ‘ஆல்தோ இட் ரெயின்ட்’
மழை பெய்தபோது: ‘வென் இட் ரெயின்ட்’
மழை பெய்யும்வரை: ‘அன்டில் இட் ரெயின்ஸ்’
மழை பெய்யாவிட்டால்: ‘அன்லெஸ் இட் ரெயின்ஸ்’

ஒரு ‘உம்’ சேர்ந்ததும் ‘இஃப்’ என்பது ‘ஈவன் இஃப்’ ஆகிவிடுகிறது. இந்த ஏழு வரியை உங்களுக்குப் பிடித்த வேறு வினைகளில், வா, படி, சாப்பிடு என்று மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். சப்ஜெக்டையும் விட்டுவிடக் கூடாது. மழைக்கு ‘இட்’ வந்தது போல ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வேண்டும்.

கடைசி இரண்டு வரிகளில் கவனம் தேவை. “பெய்யும்வரை” என்பதில் எதிர்காலம் தொனிப்பதால் ‘அன்டில் இட் வில் ரெயின்’ என்று எழுதத் தோன்றும். இங்கே ‘வில்’ வராது. ‘அன்லெஸ்’ என்பதற்குள் ‘நாட்’ ஏற்கெனவே இருக்கிறது. “நீ படிக்காவிட்டால்” என்பதை ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

இரண்டு வாக்கியத்துக்கு ஒரு கொக்கி போதும் என்பதையும் மறக்காதீர்கள். ‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ வேண்டாம், ‘பிகாஸ்’ வந்தால் ‘ஸோ’ வேண்டாம்.

எச்சங்களின் சங்கிலி இன்னொரு பெரிய வேறுபாடு. “எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.” நான்கு செயல்களில் கடைசி ஒன்றுதான் இறந்தகாலம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் நான்குமே காலம் காட்ட வேண்டும், ‘அண்ட்’ கடைசியில் ஒரு முறை வந்தால் போதும்: ‘ஐ காட் அப், பிரஷ்டு மை டீத், ட்ராங்க் காபி அண்ட் லெஃப்ட்.’ “அப்பாவும் அம்மாவும் தம்பியும்” என்று மூன்று ‘உம்’ போடும் இடத்திலும் ஒரே ‘அண்ட்’தான்.

ஜோடிச் சொற்கள் எளிது. “நீயாவது அவனாவது” என்றால் ‘ஐதர், ஆர்’. “நீயும் இல்லை அவனும் இல்லை” என்றால் ‘நீதர், நார்’. இதில் வினை, பக்கத்தில் இருக்கும் ஆளோடு ஒத்துப்போகும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’ என்பதை மட்டும் கூடுதலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பெயரா, வாக்கியமா?

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’, ‘அன்டில்’ ஆகியவை ஒரு சமயம் ப்ரெபொசிஷன், ஒரு சமயம் கன்ஜங்ஷன். கண்டுபிடிக்க ஒரே சோதனை: அடுத்து என்ன வருகிறது? ‘ஆஃப்டர் லஞ்ச்’ என்பதில் வெறும் பெயர், ப்ரெபொசிஷன். ‘ஆஃப்டர் ஐ ஏட் லஞ்ச்’ என்பதில் ஆளும் வினையும் உள்ள முழு வாக்கியம்; கன்ஜங்ஷன். இங்கும் தமிழ் வழிகாட்டும். “சாப்பாட்டுக்குப் பிறகு”, “சாப்பிட்ட பிறகு” இரண்டும் நமக்குத் தனித்தனியாகவே கேட்கின்றன.

சில இடங்களில் சொல்லே மாறும். “மழையால்” ‘பிகாஸ் ஆஃப் த ரெயின்’, “மழை பெய்ததால்” ‘பிகாஸ் இட் ரெயின்ட்’. பெயருக்கு ‘டெஸ்பைட்’, வாக்கியத்துக்கு ‘ஆல்தோ’. பெயருக்கு ‘டியூரிங்’, வாக்கியத்துக்கு ‘வைல்’. ‘டெஸ்பைட் ஆஃப்’ என்று ஒன்று கிடையாது. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ உண்டு.

எட்டாம் படி: இன்டர்ஜெக்ஷன்

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டாகப் பிரித்தது. வியப்புச் சொல்லுக்கு அதில் தனி இடம் இல்லை. அந்த எட்டில் ஒன்றான ஆர்ட்டிகிள் (ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘த’ போன்றது) லத்தீனில் கிடையாது, அதனால் ஒன்று குறைந்தது. லத்தீன் இலக்கணக்காரர்கள் வியப்புச் சொல்லைத் தனி வகையாக்க, எண்ணிக்கை மறுபடி எட்டாகவே நின்றது. இன்டர்ஜெக்ஷன் என்றால் ‘இடையே எறிவது’ என்று பொருள். வாக்கியத்தோடு அதற்கு இலக்கண உறவு இல்லை. எடுத்துவிட்டாலும் வாக்கியம் முழுசாக நிற்கும்.

சூடு பட்டால் நாம் “அம்மா!” என்பதற்கு ஆங்கிலம் ‘அவுச்’. வேலை முடிந்து “அப்பாடா” என்பதற்கு ‘ஃபியூ’. “அடேங்கப்பா” ‘வாவ்’. கை தவறி டம்ளர் விழுந்தால் வரும் “அச்சச்சோ” ‘ஊப்ஸ்’. அருவருப்பில் வரும் “ச்சீ” ‘யக்’. வெற்றிக்கு ‘ஹுர்ரே’. ‘அலாஸ்’ இன்று பேச்சில் அரிது. பாடநூலிலும் தேர்விலும்தான் பார்ப்பீர்கள். நம் “ஐயோ”வும் இப்போது ஆங்கிலச் சொல்தான். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதைச் சேர்த்துக்கொண்டது.

உணர்ச்சி பலமாக இருந்தால் ஆச்சரியக்குறி, மெதுவாக இருந்தால் காற்புள்ளி: ‘வெல், லெட் மீ சீ.’ விண்ணப்பக் கடிதத்தில் இவை எதுவும் வேண்டாம். ரிப்போர்ட்டட் ஸ்பீச் எழுதும்போது சொல் போய்விடும், உணர்ச்சி வினைக்குள் நுழையும். ‘ஹுர்ரே! வி ஹேவ் வன்’ என்பது ‘தே எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய் தட் தே ஹேட் வன்’ ஆகும்.

தினமும் கால் மணி நேரம்

ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரெபொசிஷனை வட்டமிடுங்கள், கன்ஜங்ஷனுக்கு அடிக்கோடிடுங்கள். பத்தி முழுவதையும் நல்ல தமிழில் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூலத்தை மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலை உங்கள் தமிழை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் திருப்பி எழுதுங்கள். அப்புறம் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எந்த உருபில் மாறிப்போனது என்பதை உருபின் பெயரிலேயே குறித்து வையுங்கள்: “இல்லுக்கு இன் போட்டேன், ஆன் வர வேண்டும்.” இரண்டு வாரம் கழித்து அந்தக் குறிப்புகளைப் புரட்டினால், உங்கள் பிழைகளில் பெரும்பகுதி இரண்டு மூன்று உருபுகளைச் சுற்றியே இருப்பது தெரியும். அடுத்த இரண்டு வாரம் அந்த உருபுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.